கேள்வி உங்களுடையது: பரிமாற்ற மாணவராக ஜப்பானில் ஒரு வருடம்

பரிமாற்ற மாணவராக ஒரு வருடம் ஜப்பான் போகிறவர்களும் அவர்களை அனுப்பிவைக்கிறவர்களும் கேள்வி எழுதலாம் என்று இதழின் ஆசிரியர் அறிவித்திருந்தார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெட்டியைப் பற்றியவை. எத்தனை கிலோ, எந்தப் பொடி, எந்த குக்கர்! நானும் ஒரு காலத்தில் கியோட்டோவுக்கு அப்படிப் போனவள்தான். இப்போது சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். என் கட்சி இதுதான்: ஒரு வருடத்துக்குப் போகிறவர் விருந்தாளி இல்லை, அந்த ஊரில் குடியிருப்பவர். முகவரிப் பதிவு, காப்பீட்டுக் கட்டணம், குப்பை போடும் நாள் எல்லாம் அவருக்கும் உண்டு. அதற்குத் தயாராகிறவர்களுக்குப் பெட்டி தானாகவே எடை குறைந்துவிடும்.

டீச்சர், ஒசாகாவில் ஒரு பல்கலைக்கழகம் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக மெயில் வந்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அங்கே இருக்க வேண்டும். இப்போது விமான டிக்கெட் மலிவாக இருக்கிறது. போட்டுவிடலாமா?
— பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர், கோவை

டிக்கெட்டைத் தொடாதீர்கள், தம்பி. தேர்வான மெயிலுக்கும் விசாவுக்கும் நடுவில் தங்கும் தகுதிச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் சி.ஓ.இ. என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் பல்கலைக்கழகமே உங்கள் சார்பில் ஜப்பானியக் குடிவரவுத் துறையிடம் விண்ணப்பித்து அதை வாங்கித் தரும். ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். இப்போதெல்லாம் மின்னஞ்சலிலேயே வந்துவிடுகிறது. அது வந்த பிறகுதான் விசா விண்ணப்பம். சான்றிதழ் வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் இறங்கியாக வேண்டும் என்பதால், ரொம்பச் சீக்கிரம் வந்தாலும் தலைவலிதான். டிக்கெட் அதற்கெல்லாம் அப்புறம்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது: பெயர்! கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று மூன்று ஆட்களாக இருப்போம். ஜப்பானில் பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் பெயர். அங்கே வெளிநாட்டவருக்கு அடையாளமாகத் தருகிற குடியிருப்பு அட்டையில் அதுவே அச்சாகும். அதனால் பல்கலைக்கழகப் படிவத்தில் இன்றிலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஓர் எழுத்து பிசகாமல் எழுதுங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், அந்த வருடம் முழுக்க எல்லோரும் உங்களை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். மாணவர் அலுவலகத்தில் 'முருகேசன்-சான்' என்று அழைக்கும்போது அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது.

அடுத்தது கதகானா எழுத்தில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களையும் சொற்களையும் எழுதுகிற ஜப்பானிய எழுத்தில், உங்கள் பெயர். வங்கிக் கணக்கு, செல்போன் இணைப்பு, காப்பீடு எல்லாவற்றிலும் கேட்பார்கள். ல, ள, ழ, ர, ற எல்லாமே அங்கே ஒரே வரிசை எழுத்தில் அடங்கிவிடும். குறில் நெடிலை நீட்டுவதா விடுவதா என்பதும் உங்கள் கையில்தான். வங்கியில் ஒரு விதமாகவும் போன் கம்பெனியில் இன்னொரு விதமாகவும் எழுதினால், பின்னால் பணம் பிடிக்கும்போது 'பெயர் பொருந்தவில்லை' என்று காகிதம் திரும்பி வரும். ஒரே ஒரு விதத்தை இப்போதே முடிவுசெய்து, தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்து, போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள டீச்சர், என் மகள் கியோட்டோ போகிறாள். ஆறு மாதத்துக்குத் தைராய்டு மாத்திரை, சளி சிரப், மட்டன் ஊறுகாய், கறிவேப்பிலை, துவரம்பருப்பு, மிக்சி, குக்கர் எல்லாம் எடுத்துவைத்துவிட்டேன். எதையாவது விட்டுவிட்டேனா?
— ஒரு தாய், ஈரோடு

அம்மா, பாதியைத் திரும்பக் கீழே இறக்கிவையுங்கள்.

முதலில் மட்டன் ஊறுகாய். இறைச்சி சேர்ந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். சமைத்தது, உலர்த்தியது, எண்ணெயில் ஊறியது என்ற வித்தியாசமே கிடையாது. விமான நிலையத்தில் மோப்ப நாய் சுற்றிக்கொண்டிருக்கும். பறிமுதலோடு முடியாமல் வழக்கு வரைக்கும்கூடப் போகலாம். சிக்கன் தொக்குக்கும் இதே விதிதான். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் வேண்டவே வேண்டாம். விதை, முழுப் பயறு, பருப்பு போன்றவற்றுக்கு நம் அரசு தருகிற தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் எடுத்துப் போனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். துவரம்பருப்பு அங்கேயே கிடைக்கிறது, கவலைப்படாதீர்கள். கடையில் விற்கிற, சீல் வைத்த சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, மிளகாய்ப்பொடி, மாங்காய் ஊறுகாய் எடுத்துப்போகலாம். வீட்டில் அரைத்த பொடி வேண்டாம். பழுப்பு நிறப் பொடி நிறைந்த பெயரில்லாத பையைப் பார்த்தால் எந்த ஊர் அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்?

மிக்சி வேண்டவே வேண்டாம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் மிக்சி 230 வோல்ட்டுக்குச் செய்தது. அங்கே மாட்டினால் சட்னி அரையாது, முனகும். கனமான டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிற காசுக்கு அங்கேயே ஒரு சின்ன பிளெண்டர் வாங்கிவிடலாம். லேப்டாப், போன் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், மேலே அச்சடித்திருப்பதைப் பாருங்கள். பிளக் இரண்டு தட்டை முள் உள்ளதாக இருக்க வேண்டும். குக்கர் அலுமினியமா? விடுதி அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அது சூடே ஆகாது. அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கானதாக உள்ள சின்ன ஸ்டீல் குக்கர் என்றால் சரி. விடுதிச் சமையலறையில் கடுகு தாளிக்கும்போது மேலே உள்ள விசிறியைப் போட்டுவிட்டுத் தாளிக்கச் சொல்லுங்கள். மிளகாய்க் காட்டத்தில் மாடி முழுக்க இருமினால் முதல் வாரமே பெயர் கெட்டுவிடும்.

இனி மருந்து. இதுதான் முக்கியம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மாத அளவுக்கும், சீட்டில்லாமல் வாங்குகிறதை இரண்டு மாத அளவுக்கும் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப்போகலாம். அதற்கு மேல் வேண்டுமானால் 'யுன்யூ ககுனின்ஷோ' என்கிற இறக்குமதி உறுதிச் சான்றை முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். கட்டணம் கிடையாது. ஆறு மாதத் தைராய்டு மாத்திரை என்றால் இது கண்டிப்பாகத் தேவை. அல்லது ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்தனுப்பி, மீதியை அங்கே மருத்துவரைப் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டால் செலவில் 30 சதவீதம் மட்டும்தான் நம் கை. ஒரு முறை மருத்துவமனைக்குப் போய் வந்த பெண் அப்புறம் எங்கேயும் போய் வருவாள்.

சளி சிரப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோடீன் இருந்தால் வேண்டாம். சளி மாத்திரையில் சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது ஜப்பானில் தடைசெய்யப்பட்ட பொருள். தூக்க மாத்திரை, மனநலத்துக்கான மருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. வெட்கப்பட்டு மறைத்து எடுத்துப்போகவும் கூடாது, பயந்துபோய் மருந்தை நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலக் கடிதம் வாங்கிக்கொண்டு முன்னதாகவே விசாரியுங்கள். எந்த மருந்தானாலும் பட்டையோடு, கடைச் சீட்டோடு போகட்டும். டப்பாவில் கொட்டிக் கலக்காதீர்கள்.

விட்டுப்போனது எதுவென்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு மூக்குக்கண்ணாடி கூடுதலாக. பாதம் பெரிதானால் ஒரு ஜோடி ஷூ கூடுதலாக, ஏனென்றால் பெண்களுக்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் அங்கே கிடைப்பது சிரமம். நாள் முழுக்கக் கழற்றி மாட்டுகிற ஊர் அது, லேஸ் இல்லாததாகப் பாருங்கள். கிழிசல் இல்லாத சாக்ஸும். குளிர் உடுப்பை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கியோட்டோவின் ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்துக்கு மட்டும் அவள் பருத்திச் சுடிதார்கள்தான் கைகொடுக்கும்.

நான் சுத்த சைவம், முட்டையும் சாப்பிடமாட்டேன். ஜப்பானில் ஒரு வருடம் பிரெட்டும் வாழைப்பழமும்தானா?
— இளநிலை மாணவி, கும்பகோணம்

பிரெட்டிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், அதனால் அதையும் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளம் 'தாஷி' என்கிற சாறு. பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனில் எடுப்பார்கள். மிசோ சூப், உடோன் என்கிற தடித்த நூடுல்ஸ், காய்கறிப் பொரியல் என்று கண்ணுக்கு மீனே தெரியாத இடத்தில் எல்லாம் அது இருக்கும். நாத்தோ என்கிற புளிக்கவைத்த சோயாப் பயறோடு வருகிற குட்டிப் பாக்கெட் சாறிலும் இருக்கும். 'இறைச்சி இல்லை' என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை. மீனை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் 'நான் வெஜிடேரியன்' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி இவை சாப்பிடமாட்டேன், பால் சாப்பிடுவேன் என்று ஜப்பானிய மொழியில் ஒரு அட்டை அச்சடித்துக்கொள்ளுங்கள். மாடு, பன்றி, கோழி, மீன், முட்டை, பால் ஆகியவற்றுக்கான 'கான்ஜி' எழுத்துகளை, அதாவது சீன வழி வந்த சொல்லெழுத்துகளை, கிளம்பும் முன்பே மனப்பாடம் செய்யுங்கள். கதகானாவில் 'ஜெலட்டின்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சில தயிரில்கூட அது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இது. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வருடம் காப்பாற்றும்.

மற்றபடி அரிசி, டோஃபு, காய்கறி, பால், தயிர் எல்லா ஊரிலும் உண்டு. புழுங்கலரிசிதான் கிடையாது. ஜப்பானிய அரிசி கொஞ்சம் ஒட்டும், தயிர்சாதத்துக்கு அதுவே பிரமாதம் என்பது என் கருத்து, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். தோக்கியோ பக்கம் என்றால் இந்தியர்கள் நிறைய வசிக்கிற நிஷி-கசாயிலும், ஹலால் கடைகள் வரிசையாக உள்ள ஷின்-ஓகுபோவிலும் பருப்பு, மசாலா கிடைக்கும். ஒசாகா, கியோட்டோ இருக்கிற கான்சாய் பகுதியில் கோபே நகரம் இந்தியர்களின் பழைய ஊர். 1985-இல் கட்டிய சமணக் கோயிலே இருக்கிறது. புத்த மடங்களின் 'ஷோஜின்' சமையல் முழுச் சைவம், கடல்பாசியிலும் காளானிலும் தாஷி எடுப்பார்கள். விலைதான் மாணவர்களுக்கானது இல்லை. யாராவது வாங்கித் தந்தால் மறுக்காதீர்கள்.

விடுதி எடுக்கும்போது சமையலறை இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். இரண்டு வேளை சாப்பாட்டோடு வரும் விடுதி மலிவு என்று சேர்ந்துவிட்டால், சாப்பிடாத சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள்.

தினமும் நியூஸில் ஜப்பான் பூகம்பம் என்று வருகிறது. ஒரே மகன். அனுப்பத்தான் வேண்டுமா?
— ஒரு தந்தை, தூத்துக்குடி

ஐயா, உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1995 கோபே, 2011 வடகிழக்குக் கரை, 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ என்று பெரிய நடுக்கங்கள் வந்த நாடுதான். ஆனால் அதோடு வாழத் தெரிந்த நாடும் அதுதான். கட்டட விதிகளை 1981-இல் கடுமையாக்கினார்கள். மகன் தங்கப்போகும் விடுதி அதற்குப் பிறகு கட்டியதா, பழையது என்றால் பலப்படுத்தியதா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

அவன் செய்ய வேண்டியது: நடுங்கினால் ஓடக் கூடாது, மேஜைக்கு அடியில் தலையைக் காத்துக்கொண்டு பொறுக்க வேண்டும். தலைமாட்டில் செருப்பும் டார்ச்சும். கட்டிலுக்கு மேல் அலமாரி கூடாது. அந்தப் பகுதியின் தஞ்சமிடம் எது என்று முதல் வாரமே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். கடலோர ஊர் என்றால், பெரிய நடுக்கம் நின்றதும் யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் மேட்டுக்குப் போக வேண்டும். தூத்துக்குடிக்காரருக்கு 2004 டிசம்பரை நான் நினைவூட்டத் தேவையில்லை. போலீசுக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. செய்தியைப் பார்த்ததும் போன் மேல் போன் போடாதீர்கள், அந்த நேரத்தில் அழைப்புகள் போகாது. 'பத்திரம்' என்று அவன் ஒரு வரிச் செய்தி அனுப்புவான், அதை உறவினர் எல்லோருக்கும் நீங்கள் சொல்வீர்கள் என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நம் தூதரகம் தோக்கியோவிலும் துணைத் தூதரகம் ஒசாகாவிலும் இருக்கின்றன, போனதும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அப்புறம் தினசரி அழைப்பு. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். நீங்கள் சீரியல் முடிந்து பத்து மணிக்குக் கூப்பிட்டால் அங்கே ஒன்றரை. பிள்ளை காலை வகுப்பில் தூங்கிவிழும்.

உதவித்தொகை கிடைத்திருக்கிறது. அதோடு பகுதி நேர வேலையும் செய்து வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?
— முதுநிலை மாணவர், வேலூர்

வெளிப்படையாகச் சொல்கிறேன்: அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுப் போகாதீர்கள். பரிமாற்ற மாணவர்களுக்கு ஜாஸ்ஸோ என்கிற ஜப்பான் மாணவர் சேவை அமைப்பு தருவது மாதம் 80,000 யென். பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் சிக்கனமாக ஓட்டலாம். வெளியே அறை எடுத்தால் வைப்புத்தொகை போக, வீட்டுக்காரருக்கு 'ரெய்கின்' என்று திரும்பி வராத அன்பளிப்பு வேறு சில இடங்களில் கேட்பார்கள். மாதாமாதம் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் உதவித்தொகை. முதல் தவணை வந்து சேரச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரைக்கான செலவுக்குக் கையில் பணம் வேண்டும்.

இறங்கியதும் முகவரி முடிவான 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். மருத்துவக் காப்பீடும் அங்கேயே. 20 வயது ஆனவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் சேர வேண்டும். வருமானம் இல்லை என்று சொல்லி விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் கொடுக்காமல் விட்டால் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்துகொண்டே இருக்கும்.

வேலைக்கு அனுமதி வாங்க வேண்டும். விமான நிலையத்திலேயே அந்தப் படிவத்தைக் கொடுக்கலாம். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வரம்பு. மீறினால் விசாவுக்கே ஆபத்து. முதல் பருவத்தில் வேலையே வேண்டாம் என்பேன். அப்புறம் எடுத்தாலும், பின்கட்டில் பாத்திரம் கழுவுவதைவிட வாடிக்கையாளரோடு பேசுகிற வேலையைத் தேடுங்கள்.

கிளம்ப நான்கு மாதம் இருக்கிறது. ஜப்பானிய மொழி எவ்வளவு படிக்க முடியும்?
— கல்லூரி மாணவி, விருதுநகர்

ஹிரகானா, கதகானா என்கிற இரண்டு அடிப்படை எழுத்து வரிசைகளும் தடுமாறாமல். பிறகு கேட்பதற்கான வாக்கியங்கள்: 'இன்னொரு முறை சொல்லுங்கள்', 'இங்கே எழுதிக் காட்டுங்கள்', 'இதை எந்த நாளில் போட வேண்டும்'. கடைசியது குப்பைக்கு. எரிவது, பிளாஸ்டிக், பாட்டில் என்று நாள் வாரியாகப் பிரிப்பார்கள், ஊருக்கு ஊர் மாறும். கியோட்டோவில் நகராட்சியின் பையைக் காசு கொடுத்து வாங்கி அதில்தான் போட வேண்டும். வேறு பையில் போட்டால் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் முதல் படியான என்5-க்கு அவசரப்பட வேண்டாம். சான்றிதழைவிட வாய் திறப்பது முக்கியம்.

நான் படிக்கும் பாடங்களை இங்கே கல்லூரி ஏற்காவிட்டால் ஒரு வருடம் வீணாகிவிடுமே?
— மூன்றாம் ஆண்டு மாணவர், மதுரை

போவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பாடத்துக்கு எது ஈடு, எத்தனை கிரெடிட் என்று துறைத் தலைவர் கையெழுத்தோடு. அங்கே 90 நிமிட வகுப்பு, 15 வாரம், இரண்டு கிரெடிட் என்பது பொதுவான கணக்கு. இங்குள்ள கணக்கோடு அது நேராகப் பொருந்தாது. ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தையும் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். நீங்கள் திரும்பும்போது துறைத் தலைவர் மாறியிருக்கலாம், காகிதம் மாறாது.

ஒரு ஜப்பானியக் குடும்பத்தோடு ஒரு மாதம் தங்கப்போகிறேன். என்ன பரிசு கொண்டுபோவது?
— இளநிலை மாணவி, சேலம்

சின்னதாக, தனித்தனியாகப் பொட்டலம் கட்டியதாக. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நல்லது, வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்கும் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட்டு. மதுரைச் சுங்குடித் துணியில் ஒரு கைக்குட்டை அழகாக இருக்கும். வெள்ளிக் குத்துவிளக்கு போன்ற விலையுயர்ந்தது வேண்டாம், பதிலுக்கு என்ன செய்வது என்று அவர்கள் தவித்துப்போவார்கள். இன்னொன்று, குளியல்: ஒரே தொட்டித் தண்ணீரில் வீட்டில் எல்லோரும் முறை வைத்து இறங்குவார்கள். வெளியே சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். எழுந்ததும் பிளக்கைப் பிடுங்கித் தண்ணீரை விட்டுவிடாதீர்கள்!

தை மாதம் அக்கா கல்யாணம். நடுவில் ஊருக்கு வந்து திரும்ப முடியுமா? விசா ஒரு முறைதான் செல்லும் என்று போட்டிருக்கிறது.
— பரிமாற்றத்துக்குத் தேர்வான மாணவி, திருநெல்வேலி

தாராளமாக வரலாம். விசா உள்ளே நுழைவதற்கு மட்டும்தான், அதன் பிறகு உங்களைக் காப்பது குடியிருப்பு அட்டை. ஜப்பானை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் மறுநுழைவுக்கான சின்னப் படிவம் ஒன்று தருவார்கள். அதில் 'திரும்பி வருவேன்' என்ற கட்டத்தில் கட்டாயம் டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் உங்கள் தங்கும் உரிமையே முடிந்துபோகும், மறுபடி சி.ஓ.இ.யிலிருந்து தொடங்க வேண்டும். டிக் செய்துவிட்டால் ஒரு வருடத்துக்குள், அட்டை காலாவதியாகும் முன் திரும்பினால் போதும். தை மாதம் அங்கே பருவத் தேர்வுகள் நெருங்கும் நேரம், தேதியைப் பேராசிரியரிடம் அக்டோபரிலேயே சொல்லிவையுங்கள். ஜாஸ்ஸோ உதவித்தொகை வாங்குகிறவரானால் அந்த மாதக் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அக்காவுக்கு என் வாழ்த்து.